திங்கட்கிழமை வாருங்கள்

காலையில் எழுந்ததும் அரிசி களைவேன். ஓர் ஆளுக்கு எவ்வளவு போட வேண்டும் என்பது கைக்குப் பழகச் சில மாதங்கள் ஆயின. சோறு வேகும்போது சட்டைக்கு இஸ்திரி போடுவேன். ஊதாச் சட்டை. கருவாடு இரண்டு பொரித்து வினிகரில் தொட்டுச் சாப்பிடுவேன். தட்டைக் கழுவிக் கவிழ்ப்பேன். குடையை எடுத்துக்கொண்டு ஹாரோ பிளாசாவரை நடந்து ஜீப்னி வண்டி ஏறுவேன். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி பைக்குள் குச்சியை விட்டுக் கிளறுவார். லாபியில், மருந்துக்கடைக்கும் பணம் கட்டும் இடத்துக்கும் நடுவே எங்கள் மேசை. துணியை விரித்து, கம்பெனி பேனரை நிமிர்த்தி வைத்து, மிட்டாய்க் கிண்ணத்தை நிரப்பிவிட்டு உட்கார்வேன்.

மிட்டாய் மணிலாத் தலைமை ஆபீசின் யோசனை. ஊதாச் சட்டையும் அப்படித்தான். முன்பு பச்சை.

எங்களுடையது மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி. நோயாளி கார்டைக் காட்டுவார். நாங்கள் ஆபீசுக்குப் பேசி அனுமதி வாங்கித் தருவோம். ஆஸ்பத்திரி அவரிடம் ஒன்றும் கேட்காது, கம்பெனியிடம் வாங்கிக்கொள்ளும். இதுதான் ஏற்பாடு. பிறகு கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுப்பதை நிறுத்தியது. இலோயிலோ நகரத்தில் ஒவ்வோர் ஆஸ்பத்திரியாக எங்கள் கார்டை மறுத்தது. மழைக்காலம் தொடங்கியபோது எங்கள் ஆஸ்பத்திரியும் மறுத்துவிட்டது.

மேசையை எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தோம். எடுக்கவில்லை. மேசை போனால் கம்பெனி போய்விட்டது என்று ஊர் நினைக்கும், அதனால் உட்கார்ந்திருங்கள் என்று மணிலா சொன்னது. யாரிடமும் இல்லை என்று சொல்லக்கூடாது. சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள், திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது சிரிக்க வேண்டும்.

என் பக்கத்து நாற்காலி மனாங் டெல்ஃபாவுடையது. எங்களைவிட மூத்த பெண்களை மனாங் என்றும் ஆண்களை மனோங் என்றும் கூப்பிடுவோம். நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலேயே அவர் இந்த வேலையில் இருந்தார். அகலமான முகம், மெல்லிய குரல். எங்கள் ஊர்ப் பேச்சே அப்படி, திட்டினாலும் கொஞ்சுவதுபோல் இருக்கும். மனாங்கின் பேச்சு அதிலும் ஒரு படி மெல்லியது. திங்கட்கிழமை என்று அவர் சொன்னால் ஜனங்கள் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஒரு நாள் ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். பித்தப்பையில் கல். விலாவைப் பிடித்தபடி நின்றார்.

"திங்கக்கிழமைன்னா எந்தத் திங்கக்கிழமை?" என்று கேட்டார்.

"வர்ற திங்கக்கிழமை, மேம்," என்றார் மனாங்.

"போன வாரமும் வர்ற திங்கக்கிழமைன்னுதான் சொன்னீங்க."

"சரிபாத்துட்டு இருக்காங்க, மேம்."

"என்னத்தச் சரிபாக்குறாங்க? கல்லு இருக்கா இல்லையான்னா? இருக்குதுங்க. நான் சொல்றேன், எழுதிக்குங்க."

மனாங் மிட்டாய்க் கிண்ணத்தை நகர்த்தினார். ஆசிரியை அதைப் பார்த்தார். ஒன்றை எடுத்துக் காகிதத்தைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு போனார்.

"எடுத்துக்கிட்டாளே டோட்டோ," என்றார் மனாங். எங்கள் ஊரில் இளைய ஆண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "மூஞ்சில விட்டெறிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்."

மதியம் அவர் சாப்பிடவில்லை. சோற்று டப்பாவை என் பக்கம் தள்ளினார். நான் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் எல்லா ஆஸ்பத்திரிகளின் மேசை ஆட்களும் லா பாஸ் பகுதியில் உள்ள கிளை ஆபீசில் கூடுவோம். சுவரில் விழும் படத்தில் கம்பெனி பிரசிடெண்ட் தெரிவார். மணிலாவிலிருந்து பேசுவார். முகத்தில் வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கும். நாம் ஒரு குடும்பம் என்று தொடங்குவார். புதிய சின்னத்தைக் காட்டினார் ஒருமுறை. இரண்டு கைகள் ஓர் இலையைத் தாங்கின. அடுத்த வாரம் கிளைகளுக்கிடையே நடனப் போட்டி அறிவித்தார். மனநிலை உயர வேண்டுமாம்.

"ஆஸ்பத்திரிக்குக் காசு குடுக்கச் சொல்லு, நான் தலைகீழா ஆடுறேன்," என்றான் பின்வரிசையில் ரொட்ஜி. துறைமுகப் பக்கத்து ஆஸ்பத்திரியில் உட்காருபவன்.

"மெதுவாப் பேசுடா. உன் பாரே முன்னாடிதான் இருக்காரு," என்றான் அவன் பக்கத்தில் இருந்தவன்.

"என் பாரே மட்டுமா? உனக்கு இல்லையா?"

சார் எமில் முன்வரிசையில் இருந்தார். இந்தத் தீவுக்கு அவர்தான் மேலதிகாரி. திரும்பிப் பார்க்கவில்லை. காது சிவந்திருந்தது.

இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கிளையில் குழந்தை பிறந்தால் ஞானஸ்நானத்துக்கு சார் எமிலைத்தான் ஞானத்தகப்பனாகக் கேட்பார்கள். அவர் ஒருவருக்கும் இல்லை என்றதில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார், பிள்ளையைத் தாங்குவார், படம் எடுத்துக்கொள்வார். பிள்ளையைத் தாங்கியவர் அன்றிலிருந்து பெற்றவர்களுக்குப் பாரே. பெற்றவள் அவருக்கு மாரே. இரத்த உறவில் சண்டை போடலாம். பாரேவிடம் போட முடியாது. கடவுள் முன்னால் ஏற்பட்ட உறவு. மேலதிகாரி உறவாகிவிட்டால் நல்லது என்று நினைத்து எல்லோரும் செய்தார்கள். நாளடைவில் கிளையில் அவரை எதிர்த்துப் பேசக்கூடியவர் யாரும் இல்லாமல் போனது.

எனக்கு அவர் பாரே இல்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. என் மனைவி மைலீன் போன வருடம் இறந்தாள், இதே ஆஸ்பத்திரியில், மூன்றாம் மாடியில். அப்போது கார்டு செல்லுபடியானது. எல்லாவற்றையும் கம்பெனி கட்டியது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அரசாங்கக் காப்பீட்டு ஆணையத்துக்குப் புகார் எழுதலாம் என்றான் ரொட்ஜி. கல்லூரியில் படித்தவன் என்று என்னை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். ஒரு பக்கம்தான். கையெழுத்துப் போடும்போது எல்லோரும் பேனாவை அடுத்தவருக்குத் தள்ளினார்கள்.

"மனாங் டெல்ஃபா போட்டா நான் போடுறேன்," என்றான் ரொட்ஜி. மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அவர்தான் மூத்தவர். அவருடைய மகள் ரிச்செல்தான் சார் எமில் தாங்கிய முதல் பிள்ளை. அவர் போட்டால் மற்றவர்களுக்குப் பாவம் குறையும். என் கையெழுத்து அதில் ஏற்கெனவே இருந்தது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

மனாங் வாசித்தார். மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"கால் விஷயம் முடியட்டும் டோட்டோ," என்றார்.

அவர் கணவர் மனோங் ஈஸ்கோ ஜீப்னி ஓட்டியவர். சர்க்கரை வியாதி. வலது பாதத்தில் இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. காலுக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு, அதை அடுத்த வாரத்துக்குள் திறந்துவிட்டால் பாதம் நிற்கும், இல்லாவிட்டால் எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனோங்கும் எங்கள் கம்பெனிக் கார்டுதான். மனைவி வேலை செய்வதால் கிடைத்த கார்டு. புகாரில் கையெழுத்துப் போட்டால் சார் எமிலிடம் போய்க் கேட்க முடியாது. கேட்டுவிட்டால் கையெழுத்துப் போட முடியாது. மனாங் இரண்டையும் செய்யாமல் அந்த வாரம் முழுவதும் மேசையில் உட்கார்ந்து திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவர்கள் வீட்டில் சாப்பிடுவேன். மைலீன் போன பிறகு ஏற்பட்ட பழக்கம். கூப்பிட்டார்கள், போனேன். பிறகு கூப்பிடாமலே போனேன்.

அன்று விடியலிலிருந்தே மழை. தென்மேற்குக் காற்றோடு வரும் மழை, நிற்காது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். மனாங் அடுப்பில் துவரையும் பன்றிக்கறியும் பலாப்பிஞ்சும் வைத்திருந்தார். பத்துவான் காயை நசுக்கிப் புளிப்புக்குப் போட்டார். இன்னொரு பானையில் கொய்யா இலை கொதித்தது. அது காலுக்கு.

மனோங் ஜன்னலோரம் மூங்கில் நாற்காலியில் இருந்தார். பாதம் ஒரு முக்காலிமேல், துண்டு சுற்றி.

"வா டோட்டோ. கால் பாக்க வந்தியா? டிக்கெட் வாங்கினியா?"

"உள்ள விட்டுட்டாங்க மனோங்."

"காவக்காரி சரியில்ல. எல்லாரையும் ஓசில விடுறா."

"வாய் மட்டும் அழுகல பாரு," என்றார் மனாங் அடுப்படியிலிருந்து.

"அது அழுகினா வீடு அமைதியாயிரும், உனக்குப் பிடிக்காது." என் பக்கம் திரும்பினார். "கேளு டோட்டோ. இடது காலு இத்தன வருஷமா என்ன பண்ணிச்சு? கிளட்ச்ச மிதிச்சுது. வேற ஒரு வேலையும் கிடையாது. ஆக்சிலேட்டரு, பிரேக்கு, எல்லாம் வலது காலுதான். ரிச்செல படிக்க வச்சதே அந்தக் காலு. வியாதி வந்தது எதுக்கு? வேலை செஞ்சதுக்கு. சோம்பேறி நல்லா இருக்கான்."

"கம்பெனிலயும் அப்படித்தான்," என்றேன்.

மனோங் சிரித்தார். மனாங் கொய்யா இலைத் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி ஆற வைத்துக் கொண்டுவந்தார். துண்டை அவிழ்த்தார். வாசனை வந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து அது பழகிவிட்டது. பஞ்சால் ஒற்றி ஒற்றிக் கழுவினார். மனோங் கூரையைப் பார்த்துக்கொண்டு மெல்ல விசிலடித்தார். கழுவி முடிந்ததும் விசில் நின்றது.

"வலிக்குதா?"

"வலிச்சா நல்லதுன்னாரு டாக்டரு. வலிக்கல."

மனாங் துண்டைச் சுற்றினார். கையைச் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவினார். மேசையில் மூன்று தட்டுகள் வைத்தார். மனோங்குக்கு ஒரு சின்னக் கோப்பையில் சோறு அளந்து கவிழ்த்தார்.

"பூனைக்கு வைக்கிறியா?" என்றார் மனோங்.

அப்போதுதான் வாசலில் கார் நின்றது. சார் எமில் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி, தண்ணீரில் நடந்து வந்தார். மறு கையில் சுட்ட கோழி, வாழை இலையில் சுற்றியது. எலுமிச்சைப் புல் வாசனை அவருக்கு முன்னால் வந்தது.

"மாரே! என்ன சமையல், தெருமுனைலயே மணக்குது!"

"வாங்க பாரே. ஐயோ, நனைஞ்சிட்டீங்களே." மனாங் துண்டு எடுத்து நீட்டினார். நாற்காலி இழுத்துப் போட்டார். நான்காவது தட்டை எடுத்து மேசையில் வைத்தார். எல்லாம் ஒரே வீச்சில் நடந்தது. எங்கள் ஊரில் மின்சார மீட்டர் பார்க்க வருகிறவரைக்கூடச் சாப்பாட்டு நேரமானால் உட்காரச் சொல்வோம். சொல்லாமல் இருக்க யாருக்கும் தெரியாது.

"பாரே, எப்படி இருக்கீங்க?" என்று மனோங்கிடம் கேட்டார். பாதத்தைப் பார்க்கவில்லை.

"பாதி நல்லா இருக்கேன், பாரே. மேல் பாதி."

சார் எமில் சிரித்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நெருக்கத்தில் களைத்துத் தெரிந்தார். தலைக்குப் போட்ட சாயம் மழையில் நனைந்து காதோரம் லேசாக வழிந்திருந்தது. ரிச்செல் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டார். பகோலோதில் தங்கிப் படிக்கிறாள், மூன்றாம் வருடம் என்றார் மனாங். ஞானஸ்நானத்தன்று அவள் சார் எமிலின் சட்டைமேல் வாந்தி எடுத்ததை அவரே சொன்னார். எல்லோரும் சிரித்தோம். கூரைத் தகரத்தில் மழை.

"மாரே, ஒரு காகிதம் சுத்துதுன்னு கேள்விப்பட்டேன்."

மனாங் குழம்பைக் கிளறினார்.

"எனக்குக் கோபமில்ல. மனசுதான் நொந்துபோச்சு. என்கிட்ட வந்து சொல்லலாமே. நாம என்ன வெளி ஆளா? குடும்பம் அரசாங்கத்துக்குக் கடுதாசி போடுமா?"

"குடும்பம்னுதான் சுவத்துல ஒருத்தரு வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை சொல்றாராமே," என்றார் மனோங்.

"பாரே, அவரு வேற, நான் வேற. அவரு என் போனையே எடுக்கிறதில்ல. தெரியுமா? நான் கூப்பிட்டா அந்தப் பொண்ணு எடுத்து மீட்டிங்ல இருக்காருங்கறா. இந்த ஊருல தெருவுல நடக்க முடியல. சர்ச்சுல பூசை நேரத்துல சமாதானம் சொல்லக் கை நீட்டினா பக்கத்துல இருக்கறவன் கேக்குறான், கார்டு என்னாச்சுன்னு. எனக்கு மட்டும் சந்தோஷமா?"

"அப்ப நீங்களும் கையெழுத்துப் போடலாமே சார்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. "உனக்குப் புரியாது டோட்டோ. உனக்கு இழக்கறதுக்கு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். "மன்னிச்சுக்க," என்றார்.

"பரவால்ல சார்."

மனாங் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தார். "பாரே, டாக்டர் இந்த வாரத்துக்குள்ளன்னு சொல்லியிருக்காங்க. இவரு காலு."

"கேக்கக் கூச்சப்பட்டுட்டு இருந்தா," என்றார் மனோங். "எனக்குக் கூச்சமில்ல. இது என் காலு. நாளைக்கு இதால பிரேக் மிதிக்கணும். பண்ணித் தருவீங்களா, மாட்டீங்களா?"

சார் எமில் அப்போதுதான் பாதத்தைப் பார்த்தார். துண்டைத்தான் பார்த்தார். அதன் முனையில் ஈரம் மஞ்சளாக ஊறியிருந்தது. பார்வையை மேசைக்கு நகர்த்தினார். முன்னால் நகர்ந்து மனாங்கின் கைமேல் தன் கையை வைத்தார்.

"அதுக்குத்தானே மாரே வந்தேன். நானே பேசிட்டேன். இது என் குடும்பம், தனியா எடுத்துப் பண்ணுங்கன்னு சொல்லிட்டேன். கவலையே படாதீங்க. சரிபாத்துட்டு இருக்காங்க. திங்கக்கிழமை வந்துரும்."

சொல்லும்போது சிரித்தார்.

மனாங் கையை இழுத்துக்கொள்ளவில்லை. முகம் அப்படியே இருந்தது. மணிலாவின் அந்த வாசகத்தை எங்களுக்கு அனுப்பியது சார் எமில்தான். அனுப்பியவருக்கு அது நினைவில்லை என்று எனக்குத் தோன்றியது. பொய் சொல்வதாகவும் அவருக்குத் தோன்றியிருக்காது. சொல்லிச் சொல்லி அதுவே அவருடைய பேச்சாகியிருந்தது.

மனோங் சிரிக்கத் தொடங்கினார். இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டுக் கேட்டார்.

"எந்தத் திங்கக்கிழமை, பாரே?"

"வர்ற திங்கக்கிழமைதான், பாரே. நாளைக்கே."

மனாங் மெல்லத் தன் கையை எடுத்தார். எழுந்தார். குழம்புப் பானையை மூடினார். மேசைக்கு வந்து நான்காவது தட்டை எடுத்து, துடைத்து, அலமாரியில் வைத்தார். கரண்டியையும் முள்கரண்டியையும் எடுத்து வைத்தார். அந்தச் சத்தத்தைச் சார் எமில் கேட்டார். கொஞ்ச நேரம் அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. துண்டை மடித்து நாற்காலியின் முதுகில் போட்டார்.

திங்கட்கிழமை ஒன்றும் வரவில்லை. மனாங் மேசையில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து, மிட்டாய்க் கிண்ணத்தை ஓரமாக நகர்த்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு வந்த நோயாளிகளிடம் இல்லை என்று சொன்னார். கம்பெனி கட்டவில்லை, கார்டு ஓடாது, அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நேரத்தைத் தொலைக்காதீர்கள் என்று அதே மெல்லிய குரலில் சொன்னார். சிலர் கத்தினார்கள். ஒரு பெரியவர் மிட்டாயை விட்டெறிந்தார். மனாங் குனிந்து பொறுக்கினார். அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதற்குள் ரொட்ஜி போட்டுவிட்டான், மற்றவர்களும் போட்டார்கள். நான் தபாலில் அனுப்பினேன். கிடைத்தது என்று பதில் வந்தது. அதற்குமேல் இன்னும் ஒன்றும் வரவில்லை.

மனோங்கை அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தாழ்வாரத்தில் கட்டில். முறை வருவதற்குள் கறுப்பு கணுக்காலைத் தாண்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஜீப்னியை மச்சான் ஓட்டுகிறார். மனோங் பக்கத்தில் உட்கார்ந்து சில்லறை வாங்கிப்போடுகிறார். மனாங் காலையில் வாசலில் அரிசிப் பலகாரம் விற்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகிறேன். மேசையில் இப்போது நான் மட்டும். மணிலா இன்னொரு நாற்காலிக்கு ஆள் அனுப்பவில்லை. நானும் இல்லை என்றுதான் சொல்கிறேன். என்னை ஏன் நிறுத்தவில்லை என்று தெரியவில்லை. மறந்திருப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஆபீசில் ஒரு கதை உண்டு. மனாங் டெல்ஃபா சுட்ட கோழியைத் தெருத் தண்ணீரில் எறிந்தார் என்கிறார்கள். என் பிள்ளையைத் தொட்ட கை விளங்காது என்று சாபம் விட்டார் என்கிறார்கள். தெருவே கூடி நின்று கேட்டது என்று ரொட்ஜி புதியவர்களிடம் சொல்கிறான். நான் அங்கே இருந்தேன் என்பதால் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவான். நான் ஒன்றும் சொல்வதில்லை.

கோழி மேசையிலேயே இருந்தது. மாலையில் பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டார்கள். சத்தம் எதுவும் இல்லை. சார் எமில் எழுந்து நின்றார். மழை குறையுமா என்று வெளியே பார்த்தார். மாரே, என்மேல வருத்தமில்லையே என்று கேட்டார். மனாங் கதவருகே நின்று, அவர் செருப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தார். ரிச்செல் பிறந்ததிலிருந்து அந்த வீட்டுக்குள் அவரைப் பாரே என்றல்லாமல் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. நிமிர்ந்தார்.

"நேரமாச்சு, சார்," என்றார். "நாங்க சாப்பிடணும்."